ரெசனேட்டர் கிட்டாருக்கு முதல் டியூனிங்: ஓப்பன் டியா, ஓப்பன் ஜியா, டோப்ரோ ஜியா?

உள்ளே உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் கிட்டாரைப் புதிதாக வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த டியூனிங்கில், அதாவது ஆறு கம்பிகளையும் எந்தெந்தச் சுருதியில் கூட்டி, ஆரம்பிப்பது? புதுச்சேரியிலும் கடலூரிலும் சாதாரண கிட்டார் கற்றுத்தர ஆள் உண்டு. ரெசனேட்டரை மடியில் கிடத்தியோ, விரலில் ஸ்லைடு குழாய் மாட்டியோ வாசித்துக் காட்ட ஆள் கிடைப்பது அரிது. அதனால் பலரும் வீடியோக்களை நம்பித்தான் தொடங்குகிறார்கள். ஒரு வீடியோ ஓப்பன் ஜி என்கிறது. அடுத்தது ஓப்பன் டி என்கிறது. மூன்றாவதில் ஒருவர் தடிமனான ஆறாவது கம்பியை ஜி வரை முறுக்கிக்கொண்டிருக்கிறார். மூன்றையும் மாற்றி மாற்றி முயன்று, எதுவும் கையில் நிற்காமல், வாத்தியம் பீரோ மேல் ஏறிவிடுகிறது.

இந்த மூன்றோடு, சாதாரணக் கிட்டாரின் வழக்கமான ஸ்டாண்டர்டு டியூனிங்கையும் சேர்த்து நான்கையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பாட்டுகளை, ஒற்றை மெட்டாக, கமகத்தோடு வாசிக்க ஆசைப்படுபவருக்கு ஓப்பன் டி. பெண் குரலோடு சேர்ந்து வாசிப்பவருக்கும், பழைய அமெரிக்க டெல்டா ப்ளூஸ் இசை மேல் ஆசை கொண்டவருக்கும் ஓப்பன் ஜி. சதுரக் கழுத்துக் கிட்டார் கையில் இருப்பவருக்கு மட்டும் டோப்ரோ ஜி. ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

## முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம்

1920-களில் ஒலிபெருக்கி வசதி பரவாத காலத்தில், இசைக்குழுவின் நடுவே கிட்டார் சத்தம் கேட்காது. அதற்குத் தீர்வாக ஜான் டோப்யேரா மெல்லிய அலுமினியக் கூம்புகளைக் கிட்டாரின் உள்ளே பொருத்தினார். 1927 வாக்கில் நேஷனல் என்ற பெயரில் அவை விற்பனைக்கு வந்தன. கொஞ்ச காலத்தில் டோப்யேரா அங்கிருந்து விலகி, சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ என்ற பெயரில் வேறு அமைப்பில் செய்யத் தொடங்கினார்.

இன்றைக்கும் மூன்று வகை உண்டு. மூன்று சின்னக் கூம்புகள் கொண்டது ஒன்று. ஒரே கூம்பின் உச்சியில் 'பிஸ்கட்' என்னும் வட்ட மரத்துண்டு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. கூம்பு கிண்ணம்போல மேல்நோக்கித் திறந்திருக்க, எட்டுக் கால் கொண்ட 'ஸ்பைடர்' சட்டம் அதன்மேல் நிற்பது மூன்றாவது. பிஸ்கட் வகை சட்டென்று கத்தி, சட்டென்று அடங்கும். ஸ்பைடர் வகையில் ஒலி நீண்டு நிற்கும்.

டியூனிங் பற்றிப் பேசும்போது இது எதற்கு? கம்பியின் இழுவை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக அந்த மெல்லிய கூம்பை அழுத்துகிறது. டியூனிங்கை மாற்றினால் அந்த அழுத்தமும் மாறும். சாதாரணக் கிட்டாரில் விருப்பப்படி கம்பியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதுபோல் இதில் செய்யக் கூடாது.

இன்னொரு விஷயம் கழுத்து. வட்டக் கழுத்துக் கிட்டாரைச் சாதாரணமாகப் பிடித்து, சுண்டுவிரலிலோ மோதிர விரலிலோ ஸ்லைடு குழாய் மாட்டி வாசிக்கலாம், விரலால் கார்டும் பிடிக்கலாம். சதுரக் கழுத்துக் கிட்டாரை மடியில் கிடத்தி, கனமான ஸ்டீல் பாரால்தான் வாசிக்க முடியும். அதில் கம்பிகள் மேலே உயர்ந்து நிற்கும், ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை, தொடவே தொடாது. இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வாத்தியமாக வட்டக் கழுத்தை எடுங்கள். மடியில் வைத்து வாசிக்க ஆசை வந்தால், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் மேல் கவிழ்த்து மாட்டும் ஒரு சின்ன உலோக உயர்த்தி கிடைக்கிறது. அதைப் போட்டுக் கம்பியை உயர்த்திக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். சதுரக் கழுத்தை வட்டமாக்க ஒரு வழியும் இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

யாருடைய குரலோடு? மேல்நாட்டு வீடியோக்களில் இந்தக் கேள்வி வராது. நமக்கு இதுதான் முதல் கேள்வி. நம் சுருதிக் கணக்கில் டி என்பது 2 கட்டை, ஜி என்பது 5 கட்டை. நம் ஊரில் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்கள் 5, 5½ கட்டைப் பக்கம். ஓப்பன் டியூனிங்கில் எதையும் அழுத்தாமல் சும்மா ஒலிக்கும் கம்பியே சட்ஜம். வீட்டில் பாடுபவரின் கட்டையோடு அது பொருந்தாவிட்டால் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்ட வேண்டும். ஓப்பன் டி-யை 5 கட்டைக்குக் கொண்டுபோக ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ வேண்டும். பல ரெசனேட்டர்களில் கழுத்து உடலோடு சேர்வது 12-ஆம் ஃப்ரெட்டில். அப்படியானால் ஸ்லைடு ஓட மிஞ்சுவது ஏழே ஃப்ரெட். அதில் ஒரு ஸ்தாயி முழுதாக வராது.

என்ன பாட்டு? கார்டை அதிரவிட்டு நடுவே ஸ்லைடு இழுப்பது ஒரு வகை. ஒற்றைக் கம்பியில் மெட்டைப் பாடவைப்பது இன்னொரு வகை. வேகமாக விரல் உருட்டி வாசிக்கும் அமெரிக்க ப்ளூகிராஸ் இசை மூன்றாவது வகை. மூன்றுக்கும் ஒரே டியூனிங் பொருந்தாது.

எந்தக் காந்தாரம்? ஓப்பன் டியூனிங் என்றாலே மேஜர் கார்டு, அதாவது சட்ஜமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும். மோகனம், கல்யாணி, சங்கராபரணம், ஹம்சத்வனி சார்ந்த மெட்டுகளுக்கு இது வரம். ஆபேரி, கரகரப்ரியா, தோடி சார்ந்த மெட்டுகளில் அரை ஸ்வரம் தாழ்ந்த 'சாதாரண காந்தாரம்' வருவதால், சும்மா ஒலிக்கும் அந்தர காந்தாரம் உறுத்தும். அப்போது எத்தனை கம்பியை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இழுவை. ஒரே கம்பியின் இழுவை, சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட்) இறக்கினால் சுமார் 21 சதவீதம் தளரும். ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் 26 சதவீதம் கூடும். ஒன்றரை ஸ்வரம் (மூன்று ஃப்ரெட்) ஏற்றினால் 41 சதவீதம் கூடிவிடும். தளர்ந்த கம்பியில் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். அதிகம் முறுக்கிய கம்பி கூம்பையும் கழுத்தையும் சோதிக்கும்.

கம்பி கிடைக்குமா? நம் பக்கத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10, 11, 12-இல் தொடங்கும் செட்டுகள் (முதல் கம்பியின் தடிமன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு). ரெசனேட்டருக்கு வேண்டிய கனமான செட்டை ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும். அது ஒரு தடவைச் செலவு அல்ல. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் செலவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

## ஒரு பார்வையில்

கம்பிகளைத் தடித்த 6-இலிருந்து மெல்லிய 1 வரை எழுதியிருக்கிறேன்.

| | ஓப்பன் டி | ஓப்பன் ஜி | டோப்ரோ ஜி | ஸ்டாண்டர்டு |
|---|---|---|---|---|
| கம்பிகள் | டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி | டி-ஜி-டி-ஜி-பி-டி | ஜி-பி-டி-ஜி-பி-டி | இ-ஏ-டி-ஜி-பி-இ |
| ஸ்வரமாக | ச-ப-ச-க-ப-ச | ப-ச-ப-ச-க-ப | ச-க-ப-ச-க-ப | பொருந்தாது |
| கட்டை | 2 | 5 | 5 | எதுவும் |
| ஸ்டாண்டர்டிலிருந்து மாற்றம் | 4 கம்பி இறங்கும் | 3 கம்பி இறங்கும் | 1 இறங்கும், 2 ஏறும் | இல்லை |
| சாதாரண காந்தாரத்துக்கு | 3-ஆம் கம்பி மட்டும் | 2-ஆம் கம்பி மட்டும் | 2, 5 இரண்டும் | தேவையில்லை |
| கழுத்து | இரண்டிலும் | இரண்டிலும் | சதுரம் | வட்டம் |
| கம்பி செட் | 13–56 | 13–56 | 16–56 | 12–53 போதும் |

## ஓப்பன் டி

ச-ப-ச-க-ப-ச. இந்த வரிசையைப் பார்த்ததும் தம்புரா, வீணை பழகியவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். ஆறில் மூன்று கம்பிகள் சட்ஜம், இரண்டு பஞ்சமம். இடையே ஒரே ஒரு காந்தாரம்.

இதன் பெரிய பலம், முதல் கம்பி சும்மா ஒலிக்கும்போதே சட்ஜமாக இருப்பது. அந்த ஒரு கம்பியிலேயே 12-ஆம் ஃப்ரெட் வரை போனால் ஒரு ஸ்தாயி முழுதும் கிடைத்துவிடும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்க வேண்டுமா? ஸ்லைடை 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற இடங்களில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். கம்பிக்குக் கம்பி தாவுவதை நினைக்காமல், ஸ்வரத்தின் நடுவில் நிற்கிறோமா, கொஞ்சம் தள்ளி நிற்கிறோமா என்பதில் முழுக் கவனமும் வைக்கலாம். ஸ்லைடில் தொடங்குபவருக்கு முதல் ஆறு மாதத்தில் இருக்கும் ஒரே பெரிய பிரச்சினை இதுதான். விரலால் அழுத்தும்போது ஃப்ரெட்டுக்கு முன்னால் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக வரும். ஸ்லைடில் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், மயிரிழை தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய முன்னோடி இருக்கிறது. கோட்டுவாத்தியம், இன்றைய பெயரில் சித்திரவீணை. ஃப்ரெட்டே இல்லாத பலகையில் உருளைக் கட்டையை வழுக்கி, சட்ஜம்-பஞ்சமம் அடிப்படையில் கூட்டிய கம்பிகளில் கமகம் காட்டும் கலை அது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றவர்கள் வளர்த்த மரபு. அமெரிக்க ப்ளூஸ் வாசிப்பவரை மட்டும் கேட்டுப் பழகாமல், சித்திரவீணைப் பதிவுகளையும் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் வழுக்குவது, எங்கே நிறுத்தி அசைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. பக்கத்தில் வீணை ஆசிரியர் இருந்தால், மாதம் ஒரு முறை வாசித்துக் காட்டி "சுருதி சேருதா?" என்று கேட்பது, ரெசனேட்டரைப் பார்த்திராத கிட்டார் வகுப்பைவிட அதிகம் உதவும்.

காந்தாரப் பிரச்சினைக்கும் இங்கே சுலபமான வழி உண்டு. மூன்றாம் கம்பியை மட்டும் அரை ஸ்வரம் இறக்கினால் எஃப், அதாவது சாதாரண காந்தாரம். அதே கம்பியை எஃப் ஷார்ப்பிலிருந்து அரை ஸ்வரம் ஏற்றினால் ஜி, அதாவது மத்யமம்: ச-ப-ச-ம-ப-ச. இந்த டி-ஏ-டி-ஜி-ஏ-டி கூட்டில் காந்தாரமே சும்மா ஒலிக்காது. சுத்த மத்யமமும் பஞ்சமமும் வரும் எந்த ராகத்து மெட்டையும் உறுத்தல் இல்லாமல் வாசிக்கலாம். ஒரே ஒரு டியூனிங் கீயைத் திருப்பி மூன்று உலகம்.

ப்ளூஸ் பக்கமும் இதற்குக் குறையில்லை. ப்ளைண்ட் வில்லி ஜான்சன், எல்மோர் ஜேம்ஸ் இருவரும் இந்தக் குடும்பத்து டியூனிங்கில் வாசித்தவர்கள். கார்டு மாற்ற வேண்டுமானால் ஸ்லைடை நேராக ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்தால் நான்காவது கார்டு, ஏழில் வைத்தால் ஐந்தாவது கார்டு. எல்லா ஓப்பன் மேஜர் டியூனிங்குக்கும் இது பொது.

மறைந்திருக்கும் செலவு எங்கே? நான்கு கம்பிகள் இறங்குவதால் எல்லாமே தளர்ந்துவிடும். கடையில் வாங்கிய 11 செட்டோடு ஓப்பன் டி-க்குப் போனால் ஸ்லைடு அடியில் இடிக்கும், ஒலி நொளநொளவென்று இருக்கும், குற்றம் கிட்டார்மேல் என்று தோன்றும். 13–56 செட் போடுங்கள். மெல்லிய கம்பியில் 12 இருந்த இடத்தில் 13 வந்தால், இறக்கியதால் போன இழுவையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். 1½ கட்டையில் பாடும் ஆண்கள் ஆறு கம்பியையும் இன்னும் அரை ஸ்வரம் இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் இந்தச் செட் தாங்கும்.

இன்னொரு குறை, பெண் குரல். 5 கட்டைக்காரர் வீட்டில் இருந்தால் கேப்போவோடு மல்லாட வேண்டும். அவர்களுக்கு அடுத்தது.

## ஓப்பன் ஜி

ப-ச-ப-ச-க-ப. மூன்று கம்பி மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்கும். நடுவிலிருக்கும் டி, ஜி, பி மூன்றும் ஸ்டாண்டர்டில் இருந்தபடியே இருக்கும். ஏற்கெனவே கிட்டார் வாசிப்பவருக்குத் தெரிந்த இடங்கள் பாதி அப்படியே இருப்பது நிம்மதி.

சும்மா ஒலிக்கும் மூன்றாம் கம்பி, 5 கட்டையில் பாடும் பெண்ணின் மத்திய ஸ்தாயி சட்ஜத்தோடு அப்படியே சேரும். குரலுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, கூடவே நடக்கும். 5½ கட்டை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ, 6 என்றால் இரண்டில். ஸ்லைடுக்கு இடம் தாராளமாக மிஞ்சும். தேவாலயப் பாடகர் குழுவில் பெண்களும் பிள்ளைகளும் பாடும் கீர்த்தனைகளுக்கு ரெசனேட்டர் வாசிக்க நினைப்பவர் தயங்காமல் இதை எடுக்கலாம். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும் இடத்தில் கேப்போதான் காப்பாற்றும்.

டெல்டா ப்ளூஸ் என்றால் இதுதான் தாய்வீடு. ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் உலோகக் கிட்டாரில் வாசித்த அந்த வெட்டும் ஒலி பெரும்பாலும் இந்த டியூனிங்கில் பிறந்தது. புதுச்சேரி கஃபேக்களில் வார இறுதியில் ப்ளூஸ் வாசிக்கும் இளைஞர்களோடு சேர ஆசை இருந்தால், அவர்களிடம் பேசிப் பழக இது பொது மொழியாக இருக்கும்.

குறை என்ன? மெட்டு வாசிக்கும்போது முதல் கம்பி பஞ்சமம். அதில் சட்ஜம் வேண்டுமென்றால் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். மத்திய ஸ்தாயியில் வாசிக்க 3, 2, 1 என்று கம்பி தாவ வேண்டும். மூன்றாம் கம்பியில் ச, ரி. இரண்டாம் கம்பியில் க, ம. முதல் கம்பியில் ப முதல் மேலே. கார்டு வாசிப்பவருக்கு இது தொந்தரவே இல்லை. நீண்ட கமகம் இழுக்க விரும்புபவருக்கு, ஸ்வரம் கம்பி மாறும் இடத்தில் ஓட்டம் அறுபடும். இன்னொன்று, மிகத் தடித்த ஆறாம் கம்பி இங்கே சட்ஜம் அல்ல, பஞ்சமம். கட்டைவிரலால் அடியில் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்தால், ஐந்தாம் கம்பியைத்தான் தட்ட வேண்டும் என்பது கைக்குப் பதிய நாளாகும்.

சாதாரண காந்தாரத்துக்கு இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து அரை ஸ்வரம் இறக்கினால் போதும். மத்யமம் வேண்டுமானால் அதையே அரை ஸ்வரம் ஏற்றி சி ஆக்கலாம்.

## டோப்ரோ ஜி

இதையும் 'ஜி டியூனிங்' என்றே சொல்வதால்தான் குழப்பம் முழுவதும் வருகிறது. ஓப்பன் ஜி என்று தேடிப் பார்க்கும் வீடியோவில் ஒருவர் மடியில் வைத்து வாசித்தால், பெரும்பாலும் அவர் வாசிப்பது இதுதான்: ஜி-பி-டி-ஜி-பி-டி. மேலே மூன்று கம்பி எப்படியோ கீழே மூன்றும் அப்படியே, ஒரு ஸ்தாயி கீழே. மேலே கற்ற விரல் வரிசை கீழேயும் செல்லும். வேகமான உருட்டலுக்கு இந்த அமைப்பு கையோடு பொருந்திப்போகும். 1955-இல் ஜாஷ் கிரேவ்ஸ், பாஞ்சோவின் மூன்று விரல் உருட்டலை டோப்ரோவுக்குக் கொண்டுவந்து ப்ளூகிராஸ் குழுக்களில் இதற்கு நிலையான இடம் வாங்கிக் கொடுத்தார். இன்று ஜெர்ரி டக்ளஸ் வாசிப்பதைக் கேட்டுத்தான் பலரும் இந்த வாத்தியத்தின்மேல் ஆசைப்படுகிறார்கள். மடியில் வைத்து வாசிப்பதற்கான பாடங்கள் உலகத்தில் அதிகம் இருப்பதும் இந்த டியூனிங்கில்தான். நல்ல பாடம் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் சாதாரணச் செட் போட்ட வட்டக் கழுத்தில் இதை முயலாதீர்கள். ஆறாம் கம்பி இ-யிலிருந்து ஜி-க்கு ஏறும்போது 41 சதவீதம் இழுவை கூடுகிறது. ஐந்தாம் கம்பிக்கு 26 சதவீதம். கம்பி அறுந்தால் பரவாயில்லை, வேறு மாட்டலாம். கூம்பு நசுங்கினாலோ கழுத்து வளைந்தாலோ இங்கே சரிசெய்ய ஆள் தேடிச் சென்னை வரை போக வேண்டியிருக்கும். உலோக உடம்போடு அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். பேருந்தில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். இதற்கென்றே செய்த 16–56 செட்டும், அதைத் தாங்கும் சதுரக் கழுத்தும் இருந்தால்தான் இது தேர்வு.

நம் இசைக்கு இதில் இன்னொரு இடைஞ்சல் இருக்கிறது, காதால் கேட்டால்தான் தெரியும். ஐந்தாம் கம்பி மந்தர ஸ்தாயியில் காந்தாரம். அந்தத் தாழ்ந்த இடத்தில் காந்தாரம் சட்ஜத்துக்கு இவ்வளவு நெருக்கமாக ஒலித்தால் கலங்கலாக இருக்கும், தம்புராபோல் தெளிவாக விரியாது. சாதாரண காந்தாரம் வேண்டுமென்றாலும் இரண்டு கம்பியை மாற்ற வேண்டும். ப்ளூகிராஸ், கன்ட்ரி இரண்டிலும்தான் உங்கள் மனம் என்றால் இது ஒரு குறையே அல்ல.

## ஸ்டாண்டர்டிலேயே இருந்துவிடலாமா

ஒரே கிட்டார்தான் உண்டு, அதில் பாதி நேரம் மெல்லிசைக் குழுவுக்கோ தேவாலயத்துக்கோ விரல் கார்டு வாசிக்க வேண்டும் என்பவருக்கு இது நியாயமான வழி. நடு மூன்று கம்பிகளான 4, 3, 2 சேர்ந்து மேஜர் கார்டு. 3, 2, 1 சேர்ந்து மைனர் கார்டு. அந்த மூன்றில் மட்டும் ஸ்லைடை வைத்து, மற்றவற்றை வலது கையால் அடக்கப் பழகினால் நிறைய வாசிக்கலாம்.

அந்த அடக்குதல்தான் விலை. ஓப்பன் டியூனிங்கில் தவறிப் பட்ட கம்பியும் ஏதோ ஒரு சேர்ந்த ஸ்வரத்தைத் தரும். இங்கே அது அபஸ்வரம். தொடங்கும் ஒருவருக்கு இது மனச்சோர்வு தரும் என்பது என் எண்ணம். கையில் ஏற்கெனவே தேர்ச்சி இருப்பவர் மட்டும் எடுக்கலாம்.

ஓப்பன் இ, ஓப்பன் ஏ இரண்டையும் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஓப்பன் டி-யையும் ஓப்பன் ஜி-யையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் கிடைப்பவைதான் அவை. ஸ்டாண்டர்டிலிருந்து போனால் மும்மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டியிருப்பதால் ரெசனேட்டரில் அவசியம் இல்லாமல் போகாதீர்கள். டி-யில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அது இ. ஜி-யில் போட்டால் ஏ.

## உப்புக் காற்றின் செலவு

தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் கம்பி சீக்கிரம் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் மோசம். முதலில் போவது சுற்றில்லாத மெல்லிய கம்பிகள். ஸ்லைடு வாசிப்பில் மெட்டு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. துருவேறிய கம்பியில் ஸ்லைடு வழுக்காது, சரசரக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். கேஸில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடி வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். பூச்சுப் போட்ட கம்பிகள் விலை அதிகம்தான், ஆனால் கடலோரத்தில் அவை நீண்ட நாள் தாங்குவதால் கணக்கு நேராகிவிடும். இந்தக் கோணத்தில் பார்த்தால் 13–56 செட் வேண்டிய டி, ஜி இரண்டும் டோப்ரோ ஜி-யைவிடச் சுலபம். 13–56 என்பது சாதாரண அகூஸ்டிக் கிட்டாருக்கும் பொதுவான அளவு என்பதால் பல நிறுவனங்களில் கிடைக்கும். 16–56 தனி ரகம்.

கம்பி மாற்றும்போது ஆறையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். அழுத்தம் போனால் கூம்பும் பிரிட்ஜும் இடம் நகர்ந்துவிடும், பிறகு கிறீச்சென்ற அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி, மாட்டி, சுருதி கூட்டி, அடுத்ததுக்குப் போங்கள்.

## எவ்வளவு காலம், எப்போது மாற்றுவது

எதை எடுத்தாலும் முதல் சில மாதம் அதிலேயே நில்லுங்கள். தம்புரா செயலியை உங்கள் கட்டையில் ஓடவிட்டு, ஒரே கம்பியில் ச-ப-ச மூன்று இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் வரை வேறு டியூனிங்கின் நினைப்பு வேண்டாம். ஸ்லைடுக்குப் பின்னால் இடது கையின் மற்ற விரல்களைக் கம்பிமேல் மெல்லப் படியவைத்துக் கூடுதல் சத்தத்தை அடக்கும் பழக்கமும் இந்தக் காலத்திலேயே வந்துவிட வேண்டும். பிறகு வராது என்றில்லை, ஆனால் பாடுபட வேண்டியிருக்கும்.

ஓப்பன் டி-யில் தொடங்கியவர் பின்னால் ஜி-க்குப் போக நினைத்தால் பயப்பட ஒன்றும் இல்லை. டி-யில் 6-இலிருந்து 2 வரை உள்ள கம்பிகள் ச-ப-ச-க-ப. ஜி-யில் 5-இலிருந்து 1 வரை உள்ளவையும் ச-ப-ச-க-ப. ஒரு கம்பி தள்ளிப் போட்டால் அதே வரைபடம். டி-யில் மூன்றாம் கம்பியில் வாசித்ததை ஜி-யில் இரண்டாம் கம்பியில் வாசியுங்கள், ஃப்ரெட் எண்கள் மாறாது. இல்லாமல் போவது டி-யின் உச்சியில் இருந்த அந்த முதல் கம்பிச் சட்ஜம் மட்டும்தான். அது மத்திய ஸ்தாயிக்கு மேலே மெட்டு ஏறும் இடங்களில் தெரியும். அங்கே மட்டும் முதல் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டைச் சட்ஜமாக வைத்துப் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.